ஒரு பீடம், இரு மண்டபங்கள்

ஆலயத்தினுள் நுழையும் நாம் எங்கே அமர்வது, யாரைக் காண்பது என்பதைப் பெரும்பாலும் கட்டடமே முடிவு செய்கிறது.

நெல்லைச் சீமையில் உள்ள வடக்கன்குளத்தில் 1872இல் எழுந்த திருக்குடும்ப ஆலயம் இதற்குச் சான்று. பீடம் ஒன்று, அதை நோக்கி வந்து கூடும் நீண்ட மண்டபங்களோ இரண்டு. ஒன்றில் வேளாளர், மற்றொன்றில் நாடார். இரு பக்கத்தாரும் பீடத்தைக் காணலாம். ஒருவரையொருவர் காண இயலாது. சாதிச் சச்சரவைத் தணிக்க எண்ணிச் செய்த ஏற்பாடுதான். ஆனால் கல்லும் சுண்ணாம்பும் அப்பிரிவினைக்கு நிலைத்த உருவம் தந்துவிட்டன. அங்கு வளர்ந்த குழந்தை செபங்களைக் கற்குமுன்பே தன் பக்கம் எது என்பதைக் கற்றிருக்கும்.

1910இல் தடுப்பு அகற்றப்பட்டது. வேளாளர் தரப்பினர் வழக்குத் தொடுத்தனர். வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்றது. ஆலயத்தில் தங்களுக்கெனத் தனியிடம் வேண்டும் என்ற உரிமை அங்கே ஏற்கப்படவில்லை.

அமைதிக்காக எழுப்பிய சுவர் அமைதியைத் தரவில்லை. அதை இடிப்பதற்கே ஒரு போராட்டம் வேண்டியிருந்தது. இன்றும் சில ஊர்களில் கல்லறைத் தோட்டங்கள் சாதிவாரியாகப் பிரிந்து கிடக்கின்றன. ஒரே அப்பத்தில் பங்குகொண்டவர்களை மண்ணுக்குள்ளும் பிரித்து வைக்க நாம் யார்?