ஜீப்பின் இருசும் சாய்வு தடுக்கும் தண்டும்



காடுமேடுகளில் ஓடும் வண்டிக்கு உயிர்நாடி எது என்று கேட்டால், பலரும் எஞ்சினைச் சுட்டுவர். நான் இருசைச் சுட்டுவேன். வண்டியைத் தாங்குவதும், எஞ்சினின் ஆற்றலைச் சக்கரங்களுக்குச் சேர்ப்பதும் அதுவே. ஜீப்பின் வரலாறே இதற்குச் சான்று.

1940-ஆம் ஆண்டு ஜூலையில் அமெரிக்க இராணுவம் 135 நிறுவனங்களுக்கு அழைப்பு விடுத்தது. நான்கு சக்கரங்களும் உந்தும் சிறு வண்டி வேண்டும். எடை 1,300 பவுண்டைத் தாண்டலாகாது. முதல் மாதிரி 49 நாட்களில் வரவேண்டும் என்பன நிபந்தனைகள். கார்ல் ப்ராப்ஸ்ட் வரைந்த பான்டம் நிறுவனத்தின் வண்டி, செப்டம்பர் 23-ஆம் நாள் சோதனைக் களத்தை அடைந்தது. புதிய இருசு படைக்க நேரமேது? ஸ்டூடிபேக்கர் சாம்பியன் காரின் இருசையே ஸ்பைசர் நிறுவனம் திருத்தி அளித்தது. வலிமை கூடினால் எடையும் கூடும் அன்றோ? எடை வரம்பு பின்னர் 2,160 பவுண்டாக உயர்த்தப்பட்டது.

இனி, சாய்வு தடுக்கும் தண்டைக் காண்போம். கனடாவின் ஸ்டீபன் கோல்மன் 1919-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். வளைவில் வண்டி ஒருபுறம் சாயும்போது, இவ்வெஃகுத் தண்டு முறுகி அச்சாய்வைத் தடுக்கிறது. நெடுஞ்சாலையில் இது நண்பன். பாறை வழியிலோ பகைவன். ஒரு சக்கரம் பாறைமேல் ஏறினால், இணைச் சக்கரத்தையும் இது மேலே இழுக்கப் பார்க்கும். நிலம் தொடாத சக்கரம் வீணே சுழலும், வண்டி நின்றுவிடும்.

இவ்விரு சிக்கல்களுக்கும் பிற்காலத்தில் விடை பிறந்தது. 2003-ஆம் ஆண்டின் ஜீப் ரூபிகான், டானா 44 என்னும் வலிய இருசுகளை முன்னும் பின்னும் பெற்றது. இருபுறச் சக்கரங்களையும் ஒன்றாகச் சுழலச் செய்யும் பூட்டும் அவற்றில் அமைந்தது. 2007-ஆம் ஆண்டின் வண்டியில், முன்புறத் தண்டின் பிணைப்பை ஒரு பொத்தானால் விடுவிக்கும் வசதி வந்தது. வேகம் மிகுந்தால் அது தானே மீண்டும் பிணைந்துகொள்ளும்.

ஆகவே, வண்டியை மேம்படுத்துவோர் முதலில் பாதையையும் சுமையையும் எண்ணுதல் வேண்டும். பெரிய டயர் பூட்டினால் இருசின்மீது முறுக்கு விசை மிகும்; எனவே இருசின் வலிமையை முன்னரே உறுதி செய்தல் நலம். ஆயினும் தேவைக்கு மிஞ்சிய கனம் கூடாது. கனத்த இருசு குழிகளில் வண்டியை உலுக்கும். அதன் பல்சக்கரப் பெட்டி பெரிதாயின் பாறையில் இடிக்கும். தண்டையோ அடியோடு கழற்றி எறிதல் தகாது. கழற்றி மாட்டத்தக்க பிணைப்பே ஏற்றது. பாறையில் விடுவித்ததை நெடுஞ்சாலை ஏறுமுன் மாட்ட மறந்தால், ஒரு வளைவே உயிருக்கு உலையாகலாம்.