அடைத்த கதவும் உடைத்த கதவும்

கதவு போய்விட்டது. நிலை மட்டும் நிற்கிறது. பொழுது சாய இன்னும் இரண்டு நாழிகைதான். என்ன செய்வது?

நகரத்து நண்பர்களுக்கு இது ஒரு சிக்கலாகவே தோன்றாது. தச்சரை அழைப்பது, புதுக் கதவை மாட்டுவது, அவ்வளவுதானே என்பார்கள். ஆண்டிபட்டிக் கணவாய்க்கு மேற்கே, முல்லையாறு பாயும் கம்பம் பள்ளத்தாக்கின் சிற்றூர்களில் அது அவ்வளவு எளிதன்று. தச்சர் வர நான்கு நாள் ஆகும். பணம் வர நாற்பது நாள் ஆகும். இருட்டோ இன்றைக்கே வந்துவிடும்.

சென்ற ஆடியில் நம் வகுப்பு மாணவன் ஒருவன் மூன்று நாள் பள்ளிக்கு வரவில்லை. ஏனென்று கேட்க வீட்டுக்கே சென்றோம். காற்று அடித்த அடியில் சன்னல் சட்டம் பெயர்ந்து விழுந்து, கதவின் ஒரு பலகையும் பிளந்திருந்தது. பையன் வாசலில் கட்டிலைக் குறுக்கே போட்டு இரவெல்லாம் விழித்திருந்தானாம், பகலில் உறங்கினானாம். பாட்டி நம்மைப் பார்த்து, "கதவில்லாத வீட்டுல எப்புடி வாத்தியாரய்யா பொம்பளப் பிள்ளைகள வச்சுக்கிட்டுப் படுக்குறது? அதான் பேரன உக்கார வச்சேன்" என்றார். வருகைப் பதிவேட்டில் நாம் போட்ட மூன்று சுழிகளுக்கு அந்த ஒரு வரியே விளக்கம்.

அவர்கள் செய்திருந்த வேலையை நாம் கூர்ந்து பார்த்தோம். சன்னல் வாய்க்கு வெளியே திராட்சைப் பெட்டிப் பலகைகளை ஒன்றின்மேல் ஒன்று சிறிது ஏறி நிற்க, மேலிருப்பது கீழிருப்பதை மூடும்படி அடித்திருந்தனர். அப்போதுதான் சாரல் உள்ளே இறங்காது. உட்புறம் பழைய கட்டிற்சட்டம் ஒன்று குறுக்காக நிற்கிறது; ஆணி பிடுங்கினாலும் பலகை உள்ளே விழாதிருக்க அது தாங்கல். கதவின் பிளவுக்கு எண்ணெய்த் தகரத்தை விரித்து அறைந்து, விளிம்பைக் கைகீறாமல் மடக்கியிருந்தனர். கீழ் இடைவெளிக்குச் சாக்கில் மண் நிறைத்துப் போட்டிருந்தார்கள். தேளும் பாம்பும் கேட்டுக்கொண்டா நுழையும்? மேலே மட்டும் ஒரு சாண் திறப்பு. அது அடுப்புப் புகைக்கு. பொறியியற் கல்லூரி கண்டவர் எவரும் அந்த வீட்டில் இல்லை. ஆயினும் ஒரு பலகைகூட இடம் மாறி நிற்கவில்லை.

எந்தத் திறப்பை முதலில் அடைக்க வேண்டும் என்பதும் அவர்கள் அறிந்ததே. ஆனி முதல் ஆவணி வரை தென்மேற்குக் காற்று மலையிடுக்கின் வழியே திரண்டு வந்து பள்ளத்தாக்கில் பாய்கிறது. காற்றாலைகளை இப்பக்கம் கொண்டுவந்து நிறுத்தியதும் அந்தக் காற்றுத்தான். காற்றை எதிர்நோக்கும் பக்கத்துச் சன்னல் உடைந்தால் காற்று உள்ளே புகுந்து அடைபடும்; உள்ளிருந்து மேல்நோக்கித் தள்ளும்; வெளியே கூரைமேல் ஓடும் காற்றோ அதே கூரையை உறிஞ்சித் தூக்கும். இரண்டும் சேர்ந்தால் ஓடும் தகரமும் பறந்துவிடும். ஆகவே மேற்குச் சன்னலே முதலில். கிழக்கு வாசல் பிறகு.

அது சரி, அந்த வீட்டுக்கு இருந்ததே ஒரு சன்னல்தானே! அதற்கு அடுத்த வீட்டுக்கு அதுவும் இல்லை. ஏன் இல்லை? நம் எண்ணம் அந்த வினாவில் சிக்கிக்கொண்டது.

தமிழன் சன்னலை அறியாதவன் அல்லன். சிலப்பதிகாரம் அதனைக் காலதர் என்று அழைக்கிறது. கால் என்றால் காற்று. அதர் என்றால் வழி. காற்று வரும் வழி! எத்துணை அழகிய சொல்! நெடுநல்வாடையில் வாடைக்கு அஞ்சி மாடத்துச் சாளரங்கள் தாழிடப்படும் காட்சி வருகிறது. சொல் இருந்தது, பொருள் இருந்தது, மாளிகைகளில் சாளரமும் இருந்தது. மண்குடிசைக்கு மட்டும் ஏன் அது வந்து சேரவில்லை?

இங்கிலாந்தில் 1696இல் சன்னலுக்கு வரி போட்டார்கள். எத்தனை சன்னலோ அத்தனைக்கேற்ற வரி. மக்கள் என்ன செய்தனர்? செங்கல் வைத்துச் சன்னலை அடைத்துவிட்டனர். 1851இல் வரி ஒழிந்தது. அடைத்த சன்னல்களின் தழும்பு பழைய வீடுகளில் இன்றும் தெரிகிறது. அங்கே வரிக்கு அஞ்சினர். இங்கே வரியில்லாமலே சன்னலுக்கு அஞ்சினர். அச்சத்தின் பெயர் கன்னம்.

கன்னம் வைப்பவன் கதவை உடைப்பதில்லை. கதவு தேக்கு, சுவரோ மண். நிலையை ஒட்டி, தாழ்ப்பாளுக்கு நேரே, கன்னக்கோலால் கை நுழையும் அளவு துளைத்தால் போதும். தாழ் தானே விலகும். காலையில் எழுந்து பார்த்தால் கதவு திறந்து கிடக்கும், குதிர் காலியாயிருக்கும், சுவரில் ஓர் ஓட்டை சிரிக்கும். அன்று மாலைக்குள் அந்த ஓட்டையைக் கல்லும் மண்ணும் குழைத்து அடைத்து, நடுவே கருவேல முள்ளையும் வைத்துப் பூசிவிடுவர். மறுமுறை துளைப்பவன் கையை முள் வரவேற்கும். இத்தகைய ஊரில் சுவரில் தானாகவே ஒரு வாயை யார் திறந்து வைப்பர்?

வெளிச்சமில்லாத வீட்டுக்கு வேறொரு விருந்தாளியும் வந்தது. 1920களிலும் 1930களிலும் இந்தப் பள்ளத்தாக்கைப் பிளேக் நோய் விடாது பற்றி நின்றது. கம்பம் பள்ளத்தாக்குப் பிளேக்கைப் பற்றி ஜார்ஜ், வெப்ஸ்டர் என்ற இருவர் செய்த ஆய்வு 1934இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் வெளிவந்தது. தானியமும் இருட்டும் மண்சுவர் வளையும் இருக்குமிடம் எலிக்கு அரண்மனை. திருடனுக்கு அஞ்சி அடைத்த வீட்டில் எலி குடியேறிற்று. நோய் கண்டதும் ஊரை விட்டு வெளியேறி வயற்காட்டுக் கொட்டகையில் தங்குவது அந்நாளைய முறை. பூட்டிய கதவைக் காவல் காத்ததெல்லாம் யாருக்காக?

திருட்டுக்கு மருந்தென ஊரார் கண்டது குடிகாவல். பிறமலைக் கள்ளர் ஊர்களுக்குக் காவற்காரராய் நின்றனர். ஊரார் கூலி தந்தனர். களவு போனால் காவற்காரர் மீட்டுத்தர வேண்டும், இல்லையேல் ஈடு தர வேண்டும். களவு போன மாட்டை, மதிப்பில் ஒரு பங்கைத் துப்புக்கூலியாகக் கொடுத்து மீட்பதும் உண்டு. காவலும் களவும் ஒரே கையின் இரு பக்கங்களாக இருந்ததை வெள்ளையர் எழுதிய நூல்கள் ஏளனத்தோடு விவரிக்கின்றன. ஏளனம் செய்தவர்கள் ஒன்றை எண்ணிப் பார்க்கவில்லை: வானம் பார்த்த கள்ளர் நாட்டில் நிலம் என்ன விளைவித்தது? 1895இல் பெரியாற்று அணை திறந்து முல்லையாற்றில் தண்ணீர் பெருகிற்று. அந்தத் தண்ணீர் யார் வயலுக்குப் போயிற்று, யார் வயலைத் தாண்டிப் போயிற்று என்ற கேள்வியையும் சேர்த்தல்லவா கேட்க வேண்டும்!

அணை திறந்த மறு ஆண்டு, 1896இல், திண்டுக்கல் பக்கத்தில் ஊரார் திரண்டனர். பொது நிதி சேர்த்தனர். களவு போனால் அந்த நிதியிலிருந்து ஈடு, காவற்காரருக்கு இனிக் கூலியில்லை என்றனர். கூலியை நிறுத்தியதோடு நின்றிருந்தால் அதனைப் பொருளாதாரப் புரட்சி என்று நாம் எழுதியிருப்போம். நிற்கவில்லை. கள்ளர் வீடுகளுக்குத் தீ வைக்கப்பட்டது. கன்னம் வைத்தவன் எவன், வைக்காதவன் எவன் என்று தீ பார்த்ததா?

தீ பார்க்காததைச் சட்டமும் பார்க்கவில்லை. 1911ஆம் ஆண்டுக் குற்றப்பரம்பரைச் சட்டம் 1914இல் மதுரையை அடுத்த கீழக்குடியில் தொடங்கி, 1918இல் பிறமலைக் கள்ளர் முழுமைக்கும் விரிந்தது. ரேகைச் சட்டம் என்று மக்கள் அதற்குப் பெயரிட்டனர். பிறந்த குலமே குற்றம்! வயதுவந்த ஆடவர் பத்து விரலையும் பதிய வேண்டும். இரவில் சாவடியிலோ காவல் நிலையத்திலோ போய்ப் படுக்க வேண்டும்.

இங்கே ஒரு நாடகத்தை நினைவூட்ட விரும்புகிறோம். சூத்திரகர் பெயரால் வழங்கும் மிருச்சகடிகம் என்ற வடமொழி நாடகத்தில் சர்விலகன் என்றொருவன் சுவரில் கன்னம் வைக்கிறான். துளையின் அளவைப் பார்க்க நூல் வேண்டும், கொண்டுவர மறந்துவிட்டான். மார்பில் கிடக்கும் பூணூலையே அளவு நூலாக்குகிறான்! ஆம், அவன் அந்தணன். அரங்கில் அவனைக் கண்டு அவை சிரித்தது, சுவைத்தது. அவன் பிறந்த குலத்தாரை எந்த அரசாவது சாவடியில் படுக்க வைத்ததா? கன்னக்கோலுக்குக் குலமில்லை என்று கலை அறிந்திருந்தது. கவர்னர் மாளிகை அறியவில்லை.

1920 ஏப்ரல் 3ஆம் நாள் உசிலம்பட்டியை அடுத்த பெருங்காமநல்லூர் மக்கள் ரேகை வைக்க மறுத்தனர். போலீசார் சுட்டனர். மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் மாண்டனர். மதுரை வழக்கறிஞர் ஜார்ஜ் ஜோசப் இம்மக்களுக்காக வாதாட முன்வந்தார். ரோசாப்பூ துரை என்று நாட்டுப்புறம் அவரை அன்போடு அழைத்தது. சென்னை மாகாணத்தில் அச்சட்டம் மடிய 1947 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. சட்டத்தின் நிழலில் தொடங்கிய கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள், சட்டம் போன பிறகும் மதுரை, தேனி, திண்டுக்கல் வட்டாரங்களில் நெடுங்காலம் எழுத்தறிவித்து வந்துள்ளன. அடக்குவதற்கென்று வந்ததில் கல்வி ஒன்றே மக்களுக்கு உடைமையாயிற்று.

சட்டப்புத்தகத்தில் எழுதாத ஒன்றை நமக்குச் சொன்னவர் அந்தப் பாட்டிதான். அவர் தம் தாயிடம் கேட்டது: "அய்யா சாவடிக்குப் போயிருவாரு. ஆம்பளையே இல்லாத வீடுன்னு ஊருக்கே தெரியும். எங்காத்தா உரல உருட்டிக் கதவுக்குப் பின்னால வச்சுட்டு, அதுமேலயே சாஞ்சு உக்காந்திருக்கும். பிள்ளைகளுக்கு மட்டுந்தான் தூக்கம்." திருட்டைத் தடுக்க வந்த சட்டம், வீட்டுக்காரனை வெளியே கொண்டுபோய்ப் படுக்கவைத்துவிட்டு வீட்டை வெறுங்கதவிடம் ஒப்படைத்தது! இதைவிடப் பெரிய கன்னம் எவன் வைத்தான்?

இவ்வளவும் எழுதிவிட்டு, இன்னொரு பக்கத்தை எழுதாமல் விட்டால் நாம் வரலாறு எழுதியவராக மாட்டோம், வழக்கறிஞராகிவிடுவோம். 1930 டிசம்பரில் இராமநாதபுரப் பகுதியில் கள்ளர் ஆதிதிராவிடர்மீது எட்டுத் தடைகளை விதித்தனர். மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன, தானியமும் கால்நடையும் சூறையாடப்பட்டன என்று 1931ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பை நடத்திய ஹட்டன் எழுதியுள்ளார். அவர்கள் வேறு கிளையினர் என்பது உண்மை. அந்த வேறுபாடு எரிந்த குடிசைக்கு ஆறுதலாகுமா? 1989இல் நம் போடியிலும் சுற்றுப்புறத்திலும் சாதிக் கலவரம் மூண்டு உயிர்கள் போயின. அதே ஆண்டில்தான் மதுரை மாவட்டத்து உத்தப்புரத்தில் சேரிக்கும் ஊருக்கும் இடையே சுவர் எழுந்தது. 2008 மே 6ஆம் நாள் அதன் ஒரு பகுதியை இடித்து வழிவிட்டனர். ஒரு வழி திறக்க ஏறத்தாழ இருபது ஆண்டு! தெற்கே கொடியங்குளத்தில் 1995 ஆகஸ்டு 31ஆம் நாள் புகுந்தது கும்பலன்று, போலீசு. கதவுகளும் சன்னல்களும் தட்டுமுட்டுப் பொருள்களும் நொறுக்கப்பட்டன. வெளிநாடு சென்று உழைத்துச் சேர்த்த பணத்தில் ஓரளவு நிமிர்ந்த ஊர் அது. நிமிர்ந்த வீட்டுக்குத்தான் சன்னல் இருக்கும். சன்னல் இருக்கும் வீட்டில்தான் உடைக்கக் கண்ணாடி இருக்கும்.

காற்று உடைத்த சன்னலை அடைக்க அண்டை வீட்டார் பலகையோடு வருவர். நாம் கண்ட வீட்டுக்கும் அப்படித்தான் வந்தனர். தகரம் ஒருவர் தந்தது, ஆணி மற்றொருவர் தந்தது. அண்டை வீட்டாரே உடைத்த கதவுக்குப் பலகை தருபவர் யார்? காவல் நிலையமே உடைத்த கதவுக்கு எங்கே போய்ப் புகார் எழுதுவது? கலவரத்துக்குப் பின் கணக்கெடுக்க வரும் அலுவலர் ஓட்டையும் உத்திரத்தையும் எண்ணுகிறார். முதல் இரவைக் கதவில்லாமல் கழித்தவர்கள் எப்படிக் கழித்தனர் என்ற கட்டம் எந்தப் படிவத்திலும் இல்லை. உதவிப் பணம் பிறகு வரட்டும். அன்று மாலையே இரண்டு பலகையும் ஒரு படி ஆணியும் வந்தால் அந்த இரவு வேறாகியிருக்கும் என்பது நம் கருத்து. ஊராட்சி அலுவலகத்தில் அதற்கொரு பெட்டி வைப்பது பெருஞ்செலவா?

ஐந்தாம் நாள் தச்சர் வந்தார். கதவைச் செப்பனிட்டு, சன்னலுக்குப் புதுச் சட்டம் மாட்டினார். பையன் பள்ளிக்கு வந்துவிட்டான். மாலையில் அவ்வழியே நடந்தபோது எட்டிப் பார்த்தோம். திராட்சைப் பெட்டிப் பலகைகளை ஆணி பிடுங்கி, அடுக்கி, பரணில் ஏற்றிக்கொண்டிருந்தார் பாட்டி. கதவுக்குப் பின்னால் ஓர் உரல் இருந்தது. மாவாட்ட இயந்திரம் வந்து எத்தனையோ ஆண்டாயிற்றே, இது எதற்கென்று கேட்டோம். "கெடக்கட்டும் அய்யா" என்றார்.