குத்துமதிப்பாக எத்தனை பேர்?

தாய்லாந்துக்கு டூர் போகிறீர்களா? குழந்தைகளும் கூட வருகிறார்களா? அப்படியென்றால் காஞ்சனபுரிக்கு ஒரு பகலை ஒதுக்குங்கள். குவாய் நதிப் பாலத்தில் போட்டோ எடுத்த கையோடு, ஊருக்குள் இருக்கும் போர்க் கல்லறைக்கும் போய் வாருங்கள்.

போனதுமே, 'இரண்டாம் உலகப் போர் 1939-ல்...' என்று பாடம் எடுக்காதீர்கள். பையன் ஐஸ்க்ரீம் கேட்பான். அவன் மேல் தப்பில்லை. ஒரு சின்ன வேலை கொடுங்கள். ''கல்லுல வயசு போட்டிருக்கும். நம்ம அண்ணன் வயசுல யாராவது இருக்காங்களான்னு பாரு.'' கொஞ்ச நேரத்தில் அவனே வந்து கேள்வி கேட்பான். அப்போது கதையை ஆரம்பியுங்கள்.

1942-ல் சயாமையும் பர்மாவையும் இணைக்க, காட்டையும் மலையையும் வெட்டி 415 கிலோமீட்டருக்கு ரயில் பாதை போடத் தொடங்கியது ஜப்பான் ராணுவம். 1943 அக்டோபரில் வேலை முடிந்துவிட்டது. அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட போர்க் கைதிகளை அதில் வதைத்தார்கள். பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சு வீரர்கள். பன்னிரண்டாயிரத்துக்கும் அதிகமானோர் செத்துப் போனார்கள். அவர்களில் ஏறக்குறைய ஏழாயிரம் பேர்தான் இங்கே வரிசையாகப் படுத்திருக்கிறார்கள்.

இப்போது இரண்டாவது வேலை. ''மலாயா ரப்பர் தோட்டத்துலேர்ந்து வந்த தமிழ்க் கூலியாள் ஒருத்தர் பேராவது இங்க இருக்கான்னு தேடு.''

கிடைக்காது. ஆனால், அந்தப் பாதையில் கைதிகளைவிடப் பல மடங்கு அதிகமாக உழைத்தவர்கள் ஆசியத் தொழிலாளர்கள். தமிழர், மலாய்க்காரர், பர்மியர், ஜாவாக்காரர். நல்ல சம்பளம் என்று ஆசை காட்டியும், பிறகு வளைத்துப் பிடித்தும் கொண்டுபோனார்கள். காலராவிலும் மலேரியாவிலும் பசியிலும் மடிந்தவர்கள் குத்துமதிப்பாகத் தொண்ணூறாயிரம் என்கிறார்கள்.

குத்துமதிப்பாக! நான் பி.காம். படித்தவன். கணக்கில் அப்படி எழுதினால் எந்த ஆடிட்டரும் கையெழுத்துப் போட மாட்டார். ஏன் இந்த வித்தியாசம்? சிப்பாய்க்கு நம்பர் உண்டு, படைப்பிரிவுப் பட்டியல் உண்டு. கூடவே கைதியான டாக்டர் உண்டு. யார், எப்போது, எங்கே செத்தார் என்று ஒளித்து ஒளித்தாவது எழுதி வைத்தார்கள். கூலிக்காரருக்கு அப்படி எழுதி வைக்க யார் இருந்தார்கள்? குழி தோண்டி மொத்தமாகப் போட்டு மூடியதோடு சரி.

அவர்கள் நினைவாக 2023-ல் காஞ்சனபுரியில் ஒரு நடுகல் எழுப்பியிருக்கிறார்கள். அங்கேயும் கூட்டிப் போங்கள். அந்தப் பக்கம் ஆயிரக்கணக்கான கல், இந்தப் பக்கம் ஒரே கல். ஏன் என்று பிள்ளை கேட்டால், மழுப்பாமல் பதில் சொல்லுங்கள்.

ஊருக்குத் திரும்பியதும் மூன்றாவது வேலை. ''நம்ம குடும்பத்துல யாராச்சும் மலாயா போய்த் திரும்பி வராம இருந்தாங்களா?'' என்று பாட்டியிடம் கேட்கச் சொல்லுங்கள். ஒரு பேர் கிடைத்தால், நோட்டில் எழுதி வைக்கட்டும்.

குத்துமதிப்பில் ஒன்று குறையும்.