ஐயத்தின் சுமை யாருக்கு?

கொழும்புத் துறைமுகத்துக்கு அணித்தே அமைந்தது ஜிந்துப்பிட்டி. சிவசுப்பிரமணிய சுவாமி கோயிலின் மணியோசை கேட்கும் அப்பகுதியில், துறைமுகத்தையும் புறக்கோட்டைக் கடைகளையும் நம்பி மூடை சுமந்து பிழைத்த நாட்டாமைத் தொழிலாளர் வாழ்ந்து வந்தனர். அவர்களுள் ஒருவன் சுமையோடு முதுகு பிடித்து வீழ்ந்தான் எனக் கொள்வோம். "சுமையால் வந்த நோவு" என்பான் அவன். "உடலில் முன்னரே இருந்த நோவு" என்பார் வேலை கொடுத்தவர். "இரண்டும் இருக்கலாம்" என்பார் மருத்துவர். இம்மூன்று சொற்களுக்கும் நடுவே நின்று தீர்ப்புக் கூற வேண்டியவர் எதனைத் துணைக்கொள்வார்?

1897ஆம் ஆண்டில் பிரித்தானியப் பாராளுமன்றம் வேலையாளர் நட்டஈட்டுச் சட்டத்தை இயற்றிய நாள்முதல் இவ்வினா நீதிமன்றங்களைத் தொடர்ந்து வருகிறது. வேலையின் காரணமாகவும் வேலையின்போதும் நேர்ந்த விபத்துக்கே நட்டஈடு என்பது அச்சட்டத்தின் அடிப்படை. அதே அடிப்படையைக் கொண்டு இலங்கையில் 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் பிறந்தது. கை, கால், கண் போன்ற உறுப்புகளின் இழப்புக்கு இத்துணை விழுக்காடு என அதன் அட்டவணை வகுத்துரைக்கிறது. ஆனால் அட்டவணையில் அடங்காத நோவுகளுக்கு மருத்துவரின் கருத்தே அளவுகோலாயிற்று. காயம் கண்ணுக்குத் தெரியும். அதன் காரணமோ தெரிவதில்லை. வழக்கு முழுவதும் அக்காரணத்தைச் சுற்றியே சுழன்றது.

துறைமுகத் தொழிலாளிக்கு எழுந்த இவ்வினா, போர்முனையிலிருந்து ஊனத்தோடு மீண்ட போர்வீரனுக்கு இன்னும் கடுமையாக எழுந்தது. முதலாம் உலகப் போரின் நடுவில், 1916ஆம் ஆண்டின் இறுதியில், பிரித்தானியா உபகாரச் சம்பளங்களுக்கெனத் தனி அமைச்சை நிறுவியது. அவ்வமைச்சின் முடிவால் பாதிக்கப்பட்டோர் சுதந்திரமான நியாய சபைகளிடம் மேன்முறையீடு செய்ய 1919ஆம் ஆண்டுச் சட்டம் வழிவகுத்தது. நோய் சேவையால் உண்டானதா, அன்றிச் சேவையால் மிகுந்ததா என்பதே அங்கு ஆராயப்பட்டது.

அக்காலத்து மருத்துவ அறிவே உறுதியற்றிருந்தது என்பதை நேயர்கள் நினைவிற் கொள்ளல் வேண்டும். குண்டு முழக்கத்தினிடையே உளம் குலைந்த வீரர்களின் நோய், உண்மை நோயா, பிறவியிலேயே அமைந்த பலவீனமா, கோழைமையா என்று மருத்துவர்கள் தமக்குள் மாறுபட்டனர். 1922ஆம் ஆண்டில் சவுத்பரோ பிரபு தலைமையிலான குழு இதுபற்றி விரிவான அறிக்கை வெளியிட்ட பின்னரும் பூசல் ஓயவில்லை. பேரதிர்ச்சியின் பின் தொடரும் உளநோயை அமெரிக்க மருத்துவர்களின் நோய்ப் பட்டியல் 1980ஆம் ஆண்டிலேதான் தனி நோயாக ஏற்றது. ஆகவே, மருத்துவக் கருத்துக்கும் ஒரு திகதி உண்டு. ஒரு தலைமுறையில் 'பலவீனம்' எனப்பட்டது அடுத்த தலைமுறையில் 'காயம்' எனப்படலாம்.

மருத்துவம் விடை கூற இயலாத இடத்தில், அந்த ஐயத்தின் சுமையை யார் தாங்குவது? நோயாளியா, அவனைப் போருக்கு அனுப்பிய அரசா? இரண்டாம் உலகப் போரின்போது இவ்வினாவுக்குப் புதிய விடை பிறந்தது. 1943ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட மேன்முறையீட்டுச் சட்டம் புதிய நியாய சபைகளை அமைத்ததோடு, சட்டப் பிரச்சினைகளை மேல் நீதிமன்ற நீதிபதி ஒருவரிடம் கொண்டுசெல்லவும் இடமளித்தது. அவ்வாண்டின் அரச ஆணை, நிரூபிக்கும் பொறுப்பை வீரனின் தோளினின்றும் இறக்கியது. நியாயமான ஐயம் எதுவாயினும் அதன் பயன் அவனுக்கே உரியது என்றது. படையிற் சேர்ந்தபோது எழுதப்பட்ட மருத்துவக் குறிப்பில் காணப்படாத ஒரு நோய் அவனது விலக்கத்துக்குக் காரணமாயின், அந்நோய் சேவையால் வந்ததென்றே முதலிற் கொள்ளப்பட்டது. அதை மறுக்க விரும்பும் அமைச்சே சான்று காட்டுதல் வேண்டும்.

எழுத்தில் இருந்த இவ்விதிக்கு உயிர் கொடுத்தவர்களுள் முதன்மையானவர் நீதிபதி டென்னிங். 1946, 1947ஆம் ஆண்டுகளில் அவர் வழங்கிய தீர்ப்புகள், அமைச்சு எத்துணை வலுவான சான்றைக் காட்டல் வேண்டும் என்பதை வரையறுத்தன. அவற்றுள் ஒன்று, தொண்டைக் குழாயில் புற்றுநோய் கண்டு இறந்த போர்வீரன் ஒருவனின் விதவை தொடுத்த வழக்கு. நோயின் மூலகாரணம் மருத்துவத்துக்கே தெளிவாகாத அவ்வழக்கில், நியாயமான ஐயம் என்பது வேறு, கற்பனையில் எழும் எட்டாத ஐயம் என்பது வேறு என்று அவர் பிரித்துக் காட்டினார். வீரர்களின் வழக்கில் தோன்றிய அவ்விளக்கம் பின்னர் பொதுநலவாய நாடுகளின் நீதிமன்றங்களில் எண்ணிறந்த முறை எடுத்தாளப்பட்டது.

இதே நெறி இந்தியாவிலும் விதியாக அமைந்தது. இராணுவத்துக்குரிய 1961ஆம் ஆண்டு விதிகளின்படி, சேவையால் உண்டான அல்லது சேவையால் மிகுந்த ஊனம் காரணமாக விலக்கப்பட்டவருக்கு, அவ்வூனம் 20 விழுக்காட்டுக்குக் குறையாதிருப்பின், ஊன உபகாரச் சம்பளம் உரியதாயிற்று. 1982ஆம் ஆண்டு விதிகளோ, உரிமையை நிரூபிக்கும்படி வீரனைக் கேட்கலாகாது என்றும், நியாயமான ஐயத்தின் பயன் அவனுக்கே சேரும் என்றும் கூறின. சேரும்போது நோயைக் கண்டறிந்திருக்க இயலாது என மருத்துவர் கருதினால், அதற்குக் காரணத்தை எழுதல் வேண்டும் என்பதும் அவ்விதியே.

ஆயினும் விதி ஏட்டில் இருப்பது வேறு. கையில் கிட்டுவது வேறு. 1985ஆம் ஆண்டில் படையின் செய்தித் தொடர்புப் பிரிவிற் சேர்ந்த ஒரு வீரர், வலிப்பு நோய் காரணமாக 20 விழுக்காட்டு ஊனத்துடன் 1994ஆம் ஆண்டில் விலக்கப்பட்டார். நோய் சேவையோடு தொடர்பற்றது என்று மருத்துவச் சபை எழுதியது, சம்பளம் மறுக்கப்பட்டது. இமாசலப் பிரதேச உயர் நீதிமன்றத்தில் தனி நீதிபதி அவருக்குச் சார்பாகத் தீர்த்தார்; அதே நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் கொண்ட அமர்வு அத்தீர்ப்பை மாற்றியது. இறுதியில் 2013 ஜூலை 2ஆம் திகதி, உச்ச நீதிமன்ற நீதிபதிகள் பட்நாயக், முகோபாத்யாயா ஆகியோர் அவருக்கு உரிமை உண்டெனத் தீர்ப்பளித்தனர். விலக்கப்பட்ட நாளுக்கும் இறுதித் தீர்ப்புக்கும் இடையே கழிந்தவை 19 ஆண்டுகள். ஒருவனது நடு வயது முழுவதும் அதற்குள் அடங்கிவிடும்.

அந்த வழக்கில் அரசின் கையிலும் முன்னைத் தீர்ப்புகள் இருந்தன. மருத்துவச் சபை துறையறிவு படைத்தது; அதன் கருத்துக்கு முதன்மை தருதல் வேண்டும் என்று 2009ஆம் ஆண்டிலும் அதற்கு முன்னரும் அதே நீதிமன்றம் கூறியிருந்தது. 2013ஆம் ஆண்டுத் தீர்ப்பு மருத்துவரை அவமதிக்கவில்லை. அது கேட்டது இதுவே: சேரும்போது நோய் இருந்ததாகக் குறிப்பு உண்டா? இல்லையெனின், நோய் சேவையால் வந்ததன்று என்பதற்குச் சபை காட்டும் காரணம் யாது? காரணம் ஏதும் எழுதப்படாத இடத்தில் முடிவு நிற்கவில்லை.

மேன்முறையீட்டில் முன்னைத் தீர்ப்பையும் மருத்துவக் கருத்தையும் பயன்படுத்தும் முறை இவ்வரலாற்றிலிருந்தே புலப்படும். தீர்ப்பின் பெயரைச் சொல்வதால் மட்டும் பயனில்லை; அவ்வழக்கின் நிகழ்ச்சிகளும் தன் வழக்கின் நிகழ்ச்சிகளும் எவ்வாறு ஒத்துள்ளன என்று காட்டல் வேண்டும். அது எந்த நீதிமன்றத்தின் தீர்ப்பு, எந்த விதியின்மேல் எழுந்தது என்பதையும் நோக்கல் வேண்டும். இந்தியாவில் விதிகள் 2008ஆம் ஆண்டிலும் 2023ஆம் ஆண்டிலும் புதிதாக எழுதப்பட்டமையால், பழைய விதியின்கீழ் வந்த தீர்ப்பைப் புதிய வழக்கில் அப்படியே பொருத்த இயலாது.

மருத்துவக் கருத்தை நோக்குங்கால், அம்மருத்துவர் சேவை ஏடுகளைப் படித்தாரா, எந்த வினாவுக்கு விடை கூறினார், காரணம் காட்டினாரா என்பவை ஆராயத்தக்கன. எல்லாவற்றிலும் முக்கியமானது ஒன்றுண்டு. 'தொடர்பு இருப்பதாகத் தெரியவில்லை' என்பது வேறு. 'தொடர்பு இல்லை' என்பது வேறு. முன்னது அறியாமையை ஒப்புக்கொள்ளும் சொல். பின்னது ஒரு முடிவு. அலுவலகக் கோப்புகளில் முன்னது பின்னதாக மாறிப்போன வேளைகளில்தான் ஏழைகளின் உரிமை தொலைந்தது.

நிரூபிக்கும் பொறுப்பு அரசைச் சார்ந்த விதிகளுக்கு அடிப்படையான நியாயம் எளியது. சேர்க்கும் நாளில் அவனைப் பரிசோதித்தது அரசின் மருத்துவர். ஏடுகளைக் காத்து வைத்திருப்பதும் அரசே. 'நலமுடையான்' என்று தானே எழுதிக் கையெழுத்திட்ட ஏட்டை அரசு பின்னர் மறுக்க விரும்பினால், அதற்குரிய காரணத்தையும் அதுவே கூறுதல் முறையாகும்.