பல்வேரும் தேயிலைத் தோட்டமும்

பல் போனால் சொல் போச்சு என்பது நம்மவர் பழமொழி. சொத்தை சிறிதுமில்லாத, பார்வைக்கு உறுதியான பல்லொன்று நாளடைவில் ஆட்டங்கண்டு கழன்று விழுவதை நேயர்களிற் பலர் கண்டிருப்பீர்கள். வெள்ளவத்தையிலாயினும் கொட்டாஞ்சேனையிலாயினும் இத்தகைய பல்லோடு செல்பவருக்குப் பல்வைத்தியர் காறையைச் சுரண்டி எடுத்து, வேரின் பக்கங்களையும் துப்புரவு செய்து, மறுபடி எப்போது வரவேண்டும் என்றும் சொல்லியனுப்புகிறார். அந்தச் சிகிச்சையின் பின்னாலுள்ள அறிவில் ஒரு முக்கிய பங்கு நம் மலையகத் தமிழ்த் தொழிலாளரிடமிருந்து பெறப்பட்டது. அவ்வரலாற்றையே இன்று சொல்ல முற்படுகிறேன்.

முதலில் நோயை அறிந்துகொள்வோம். முரசு என்றும் ஈறு என்றும் நாம் வழங்கும் தசைக்கும் பல்லுக்கும் இடையே பற்றீரியாக்கள் படலமாகப் படிகின்றன. படலம் இறுகிக் காறையாகிறது. முரசு சிவந்து இரத்தம் கசிகிறது. அழற்சி உள்ளே இறங்கினால், வேரைப் பற்றியிருக்கும் நார்களும் தாடையெலும்பும் சிறிது சிறிதாக அழிகின்றன. இதனைப் பயோரியா என்று முன்னோர் அழைத்தனர்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே இதற்குக் கண்ட பரிகாரம் பெரும்பாலும் குறடுதான். 1910இல் வில்லியம் ஹன்ரர் என்னும் பிரித்தானிய வைத்தியர் மொன்றியலில் ஆற்றிய உரையொன்று, வாயிலுள்ள சீழே உடலின் வேறு பல நோய்களுக்கும் காரணம் என்ற கொள்கையைப் பரப்பிற்று. அதன் விளைவாகக் காப்பாற்றியிருக்கக்கூடிய பற்களும் ஏராளமாகப் பிடுங்கப்பட்டன.

1965இல் நிலைமை மாறத் தொடங்கியது. டென்மார்க்கின் ஓகூஸ் நகரில் ஹரால்ட் லோ என்னும் நோர்வே அறிஞரும் அவருடைய துணைவரும் பன்னிருவரைப் பல் துலக்காதிருக்கச் செய்தனர். மூன்று வாரங்களுக்குள் அனைவருக்கும் முரசு வீங்கிற்று. மீண்டும் துலக்கவே வீக்கம் தணிந்தது. அழுக்குப் படலமே அழற்சியின் காரணம் என்பது ஐயமற நிறுவப்பட்டது. ஆனால், துலக்காமலே ஆண்டுக்கணக்கில் விட்டால் என்ன ஆகும்?

இக்கேள்விக்கு விடைதேடி லோவும் அவருடைய சகாக்களும் 1970இல் இலங்கைக்கு வந்தனர். பூண்டுலோயாப் பகுதியிலுள்ள டன்சினன், ஹெரோ ஆகிய தோட்டங்களில் 14 முதல் 31 வயது வரையான ஆண் தொழிலாளர் 480 பேரைப் பரிசோதித்தனர். தூரிகைகொண்டு பல் துலக்கும் வழக்கம் அவர்களிடம் இருக்கவில்லை. பல்வைத்திய வசதியும் இல்லை. அவர்கள் தெரிவு செய்யப்பட்டதற்கு அதுவே காரணம். ஒப்பு நோக்குவதற்கு, சிறுவயது முதலே பல்வைத்தியம் பெற்றுவந்த ஒஸ்லோ நகரத்தார் இருந்தனர். 1985 வரை பரிசோதனை பலமுறை நடந்தது. இறுதியில் எஞ்சியிருந்தவர் 161 பேர்.

1986இல் வெளியான முடிவு வியப்பூட்டியது. எல்லோர் பல்லிலும் காறை நிறைந்திருந்தது. எல்லோர் முரசிலும் அழற்சி இருந்தது. எனினும் அழிவு ஒரே அளவாக இல்லை. நூற்றுக்கு 8 பேருக்கு நோய் விரைந்து பரவி, 35 வயதில் ஏறத்தாழ 9 மில்லிமீற்றரும் 45 வயதில் 13 மில்லிமீற்றரும் வேரின் பிடி தளர்ந்திருந்தது. 81 பேருக்கு மிதமான அழிவு. மீதி 11 பேருக்கோ முரசழற்சிக்கு மேல் நோய் முன்னேறவேயில்லை.

ஆகவே அழுக்கு ஒன்றே முழுக் காரணமன்று. அதற்கு உடல் காட்டும் எதிர்வினை ஆளுக்காள் வேறுபடுகிறது. எல்லோருக்கும் ஒரே சிகிச்சை என்னும் எண்ணம் இதனால் தளர்ந்தது. 2018இல் வெளியான சர்வதேச வகைப்பாடும் நோயை மெதுவாக, மிதமாக, விரைவாக முன்னேறுவது என மூவகையாகத் தரம் பிரிக்கிறது. ஒருவரை மூன்று மாதத்திலும் இன்னொருவரை ஓராண்டிலும் திரும்ப வரச்சொல்வதன் நியாயம் இதுவே.

ஆனால் இவ்வரலாற்றுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. துப்புரவு செய்தால் முரசழற்சி தணியும் என்பது 1965இலேயே தெரிந்திருந்தது. கொழும்பிலே 1943இல் தொடங்கிய பல்வைத்தியப் பட்டக் கல்வி 1954இல் பேராதனைக்கு மாறிற்று. அங்கிருந்து பூண்டுலோயா எட்டாத் தூரமன்று. அப்படியிருந்தும் பதினைந்து ஆண்டுகள் அத்தொழிலாளரின் வாயில் நோயின் இயல்பான போக்கே அளக்கப்பட்டது; அதனைத் தடுக்கும் திட்டமெதுவும் அவர்களை எட்டவில்லை. நோயின் போக்கைக் காணும் அறிவியல் நோக்கம் மெய்யானதே. எனினும், இல்லாமையையே ஆய்வுக்களமாகக் கொண்டபோது அந்த இல்லாமையை நீக்கும் கடமை யாருடையது என்ற கேள்வி எழாமற் போகாது. 2010இல் மீண்டும் தேடிச் சென்றபோது பரிசோதிக்கக் கிடைத்தவர் 75 பேரே. அவர்களிற் பலர் பற்கள் பலவற்றை இழந்திருந்தனர்.

அத்தொழிலாளரின் பெயர்களை எந்த நூலிலும் காணமுடியாது. உலகெங்கும் பல்வைத்தியம் கற்கும் மாணவரோ இன்றும் அவர்களைப் பற்றிப் படிக்கின்றனர். தலைநகரில் நமக்கு எளிதிற் கிடைக்கும் இச்சிகிச்சை, அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்கும் தோட்டத்துக்கு அருகிலேயே கிடைக்குமாயின், பட்ட கடனிற் சிறிதேனும் தீர்த்தவராவோம்.