அயலவர் வாழ்வும் ஆராய்ச்சி ஏடும்

அறிவு நூல்நிலையங்களிலே மட்டும் பிறப்பதன்று. மக்கள் வாழும் தெருக்களிலும் அது பிறக்கின்றது. ஆயின் தெருவிலே பிறந்த அறிவு ஆராய்ச்சி ஏட்டினை அடைவதற்கு நெடுந்தூரம் செல்லவேண்டும். மக்களிடம் கேட்டறிந்தவற்றை ஒழுங்குபடுத்திப் பிறர் ஆய்ந்து பார்க்கத்தக்க வடிவிலே அமைத்து, அறிஞர் அவைக்கு அனுப்புதல் வேண்டும். அவ்வாறு அனுப்புவோர் அவ்வவைக்கு மட்டுமன்றித் தமக்குச் செய்தி கூறிய மக்களுக்கும் கடமைப்பட்டவராவர். இவ்விரு கடமைகளும் இணங்கியும் பிணங்கியும் வந்தமையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நிகழ்ந்த சில முயற்சிகள் தெளிவுறக் காட்டுகின்றன.

1884ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரின் கிழக்குப் பகுதியிலே ரொயின்பி மண்டபம் நிறுவப்பட்டது. கற்றோர் வறியோர் நடுவே குடியிருந்து அவர்தம் வாழ்வை அறிந்து தொண்டாற்றுதல் அதன் நோக்கம். அதனை நேரிற் கண்ட ஜேன் அடம்ஸ் அம்மையார், எலன் ஸ்ரார் என்னும் தோழியாருடன் 1889இல் சிக்காகோ நகரின் ஹால்ஸ்ரெட் வீதியில் ஹல் இல்லத்தைத் தொடங்கினார். இத்தாலியர், பொகீமியர், யூதர் முதலாய பல இனத்துக் குடியேறிகள் நெருங்கி வாழ்ந்த பகுதி அது. 1891ஆம் ஆண்டின் முடிவில் புளோரன்ஸ் கெலி அம்மையார் அங்கு வந்து சேர்ந்தார். இவர் கோர்னெல் பல்கலைக்கழகத்திற் பட்டம் பெற்றவர். பெண் என்ற காரணத்தாற் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் மேற்படிப்புக்கு இடம் மறுக்கப்பட்டவர்.

1893இல் ஐக்கிய நாட்டுத் தொழிற்றிணைக்களம் பெருநகரங்களின் சேரிகளை ஆராய முற்பட்டபோது, சிக்காகோவில் அப்பணியை நடாத்தும் பொறுப்புக் கெலியிடம் ஒப்படைக்கப்பட்டது. கணக்கெடுப்போர் வீடு வீடாகச் சென்று விவரங்களை வினாப்படிவங்களிற் பதிந்தனர். இங்கு ஒரு சிறு செயல் வரலாற்றிற் பெரும்பயன் விளைத்தது. நிரப்பப்பட்ட படிவங்கள் வாஷிங்ரனுக்கு அனுப்பப்படுமுன், ஹல் இல்லத்தில் அவற்றுக்குப் படி எடுக்கப்பட்டது. அரசாங்க அறிக்கை 1894இல் அட்டவணைகளாக வெளிவந்தது. இல்லத்தவரோ தம்மிடமிருந்த படிகளைக் கொண்டு, இலண்டனிற் சாள்ஸ் பூத் வரைந்த வறுமைப் படத்தை முன்மாதிரியாக வைத்து, இரு நிலப்படங்களை ஆக்கினர். ஒன்று பதினெட்டு இனத்தாரின் இருப்பிடங்களையும், மற்றையது குடும்பங்களின் வார வருமானத்தையும் நிறங்களாற் காட்டின. ஐந்து டொலருக்கு மேற்படாத வருமானமுடைய வீடுகள் கருநிறம் பெற்றன. அட்டவணையிலே சராசரியாய் மறைந்த வறுமை, நிலப்படத்திலே இன்ன தெருவில் இன்ன வீட்டில் உள்ளதெனக் கண்முன் நின்றது.

இப்படங்களும் அவற்றோடமைந்த கட்டுரைகளும் 1895இல் 'ஹல் இல்லத்து நிலப்படங்களும் கட்டுரைகளும்' என்னும் பெயரில் நூலாயின. றிச்சாட் ஈலி என்னும் பொருளியற் பேராசிரியர் பதிப்பித்த நூல்வரிசையில் அது இடம்பெற்றது. படங்களை அச்சிடும் செலவு கருதி வெளியீட்டாளர் தயங்கினர். கெலி இணங்கவில்லை. பூத்தின் படங்களைப் போலத் துணியில் ஒட்டி மடித்து நூலோடு சேர்க்கப்பட்டாலன்றித் தாம் வெளியீட்டுக்கு உடன்படுவதில்லையென ஈலிக்கு உறுதியாக எழுதினார். அவ்வுறுதியினாற் படங்கள் காக்கப்பட்டன.

அந்நூலின் மற்றொரு சிறப்பும் கருதற்பாலது. பொகீமியரைப் பற்றிய கட்டுரையைப் பொகீமிய மாதொருவரும், இத்தாலியரைப் பற்றியதை இத்தாலியர் ஒருவருமே எழுதினர். ஆராயப்பட்டோர் தாமே ஆராய்வோராகவும் நின்றனர் என்க. நிலப்படங்களுக்கு விளக்கம் எழுதிய அக்னஸ் ஹோல்புறூக், வறியோரின் வாழ்வை இவ்வாறு துருவித் துருவிக் கேட்பது பொறுக்கத்தக்க செயலன்று என்பதை மறைக்கவில்லை. பொதுமக்களின் மனச்சான்று விழிப்புற்று, அவ்வறியோருக்கு நல்வாழ்வு கோரும் என்ற நம்பிக்கையே அதற்கு நியாயமாகும் என்பது அவர் கருத்து. மக்களிடம் செய்தி திரட்டும் எவ்வாராய்ச்சிக்கும் இஃது உரைகல்லாகும்.

நூலாக வந்த அறிவு ஆராய்ச்சி ஏடுகளையும் அடைந்தது. தையற்றொழிலாளரின் வரவு செலவுகளை ஆராய்ந்த இசபெல் ஈற்றன் என்பாரின் கட்டுரை, அதே 1895இல் அமெரிக்கப் புள்ளிவிவரக் கழகத்தின் வெளியீட்டிலும் இடம்பெற்றது. அவ்வாண்டிலேயே சிக்காகோப் பல்கலைக்கழகத்தில் அல்பியன் ஸ்மோல் 'அமெரிக்கச் சமூகவியல் ஏடு' என்பதைத் தொடங்கினார். அடம்ஸ் அம்மையார் வீட்டுப் பணியாளரின் நிலைபற்றி எழுதிய கட்டுரை 1896இல் அதில் வெளியாயிற்று. பல்கலைக்கழகப் பதவி இல்லாதார்க்கும் ஏட்டின் கதவு திறந்தது.

இதே ஈற்றன் பின்னர்ப் பிலடெல்பியா நகரில் வேறொரு பேரறிஞரோடு பணியாற்றினார். அவர் டு பொயிஸ். 1895இல் ஹாவாட் பல்கலைக்கழகத்திற் கலாநிதிப் பட்டம் பெற்ற கறுப்பினத்தவர் அவர். கெலிக்கு இடம் மறுத்த பென்சில்வேனியாப் பல்கலைக்கழகமே, 1896இல் அந்நகரின் ஏழாம் வட்டாரத்துக் கறுப்பின மக்களை ஆராய அவரை அமர்த்தியது; எனினும் ஆசிரியர் பட்டியலில் அவர் பெயரைச் சேர்க்கவில்லை. அவர் அவ்வட்டாரத்திலேயே குடியிருந்து, ஆறுவகை வினாப்படிவங்களுடன் வாயில்தோறும் சென்றார். தம்மை ஏதோ விந்தை உயிரினம்போல ஆராய்வதை அம்மக்கள் விரும்பவில்லை என்பதை அவர் பின்னாளில் நினைவுகூர்ந்துள்ளார். தம் இனத்தவரிடம் சென்றபோதும் நம்பிக்கையை உழைத்தே பெறவேண்டியிருந்தது. 9,675 பேர் வாழ்ந்த அவ்வட்டாரத்தின் ஆய்வு 1899இல் 'பிலடெல்பியா நீக்ரோவர்' என்னும் நூலாயிற்று. ஈற்றனின் வீட்டுப்பணி ஆய்வு அதன் இறுதியிற் சேர்க்கப்பட்டது. அதற்கு முன்னரே, 1897 நவம்பரில் அரசியல் சமூகவியற் கழகமொன்றிலே டு பொயிஸ் நிகழ்த்திய உரை, அக்கழகத்தின் ஏட்டில் 1898 சனவரியில் வெளிவந்தது. இம்மக்களைப் பற்றிய ஆய்வு முறையாகவும் உண்மை ஒன்றையே நாடியும் நடைபெறவேண்டுமென அவர் அதில் வலியுறுத்தினார்.

எனினும் செம்மையாக ஆக்கப்பட்ட ஆராய்ச்சி யாவும் அச்சேறிவிடுவதில்லை. 1906இல் டு பொயிஸ், அலபாமா மாநிலத்தின் லௌண்ட்ஸ் பகுதியிற் குத்தகைப் பயிர்ச்செய்கையிற் சிக்குண்ட கறுப்பின மக்களைப் பற்றி, அரசாங்கத்தின் தொழிற் பணியகத்திற்காக ஆய்வு நிகழ்த்தினார். ஆறாயிரத்துக்கு மேற்பட்ட குடும்பங்களிடம் செய்தி திரட்டப்பட்டது. அறிக்கை கையெழுத்திலேயே முடிக்கப்பட்டு, படி எடுக்கப்படாமல் வாஷிங்ரனுக்கு விரைந்து அனுப்பப்பட்டதென அவரே பின்னர் எழுதியுள்ளார். அரசியல் விடயங்களைத் தொடுகின்றதென்று கூறி அதனை வெளியிட மறுத்தனர். பின்னர் அவர் அதனைத் திருப்பிக் கேட்டபோது, அஃது அழிக்கப்பட்டதென அறிவித்தனர். ஆறாயிரம் குடும்பங்கள் நம்பிச் சொன்ன செய்திகள் ஒருங்கே மாண்டன. சிக்காகோவிற் படி எடுத்ததனால் வாழ்ந்த அறிவும், அலபாமாவிற் படி எடாமையால் இறந்த அறிவும் அருகருகே வைத்து எண்ணத்தக்கவை.

இவற்றால் அறியப்படுவன சில. மக்களிடம் பெற்ற செய்தியின் ஒரு படியேனும் அம்மக்களிடத்தும் அவர்தம் அயலிலும் இருத்தல் வேண்டும். செய்தி தந்தோரின் கையே இயன்றவிடத்து எழுதுகோலையும் பிடித்தல் வேண்டும். ஏட்டின் ஆசிரியர் கேட்கும் ஒழுங்குக்கு இணங்கலாம். ஆயின் உண்மையின் உயிர்நிலையாய் உள்ளதை விட்டுக்கொடுத்தல் ஆகாது. ஏட்டிற் பதிந்த கட்டுரை அறிஞரின் பாராட்டைப் பெறுதல் நன்று. அக்கட்டுரை பிறந்த தெருவிலுள்ளோர் அதனாற் சிறிதேனும் நலம் பெறுதல் அதனினும் நன்று. கரிய நிறம் தீட்டப்பட்ட வீட்டில் வாழ்ந்தவர், தம் வாயிலில் வந்து கேட்டவருக்கு விடைகூறியது அந்நம்பிக்கையினாலன்றோ!