விளிச்சொல்லும் அரசாணையும்

ஒருவரை ஒருவர் எவ்வாறு விளிக்கின்றனர் என்பது இலக்கணச் செய்தி மட்டுமன்று. ஒரு சமூகத்தின் வரலாறும் அதனுள் அடங்கியுள்ளது. இத்தாலியிலும் போலந்திலும் இன்று மாணவர் தம் பேராசிரியருக்கு எழுதும் மின்னஞ்சல்கள் இதற்குத் தக்க சான்றுகளாகும்.

இத்தாலிய மாணவன் ஆசிரியரை 'லேய்' என்றும், போலந்து மாணவன் 'பான்' என்றும் (ஆசிரியை எனின் 'பானி' என்றும்) குறித்தெழுதுவான். இரண்டும் படர்க்கை வினையே கொள்வன. 'லேய்' என்பதன் நேர்ப்பொருள் 'அவள்'. 'உம் பிரபுத்துவம்' எனப் பொருள்படும் பழைய மரியாதைத் தொடர் பெண்பாற் பெயராதலின், அதற்குப் பதிலாக இச்சொல் வழங்கலாயிற்று. 'பான்' என்பதன் பழம்பொருளும் பிரபு என்பதே. ஆக, இரண்டும் மேன்மக்களுக்குரிய வழக்கிற் பிறந்தவை.

இருபதாம் நூற்றாண்டில் இவ்விரு சொற்களும் அரசியலின் சினத்துக்கு ஆளாயின. 1938இல் முசோலினியின் பாசிச ஆட்சி, 'லேய்' அந்நியருக்கு அடிமைப்பட்ட காலத்தின் எச்சம் எனக் கூறி, முன்னிலைப் பன்மையாகிய 'வோய்' என்பதைப் புகுத்த முற்பட்டது. 'லேய்' என்ற பெயருடன் வெளிவந்த மகளிர் இதழொன்று அவ்வாண்டே 'அன்னபெல்லா' எனப் பெயர் மாறிற்று. அவ்விதழின் பெயர் 'அவள்' என்ற பொருளிலேயே நின்றது, எனினும் தப்பவில்லை! போலந்திலோ, இரண்டாம் உலகப் போரின் பின் ஆட்சிக்கு வந்த பொதுவுடைமைக் கட்சியினர், 'பான்' என்பதை விடுத்து, 'தோழர்' என்ற விளியோடு 'வி' எனும் முன்னிலைப் பன்மையைக் கையாண்டனர். கொள்கையால் எதிரெதிரான இரு ஆட்சிகளும் ஒரே இலக்கண வடிவத்தையே தெரிந்தெடுத்தமை சிந்தனைக்குரியது.

பன்மையால் ஒருவரை உயர்த்தும் வழக்கம் தமிழர்க்குப் புதிதன்று. அவ்விரு நாடுகளுக்கும் அது புதிதன்று. தென்னித்தாலியில் 'வோய்' இன்றும் வழங்குகிறது. போலந்தின் சில கிராமிய வழக்குகளில் மூத்தோரை 'வி' என்பதுண்டு. எனவே, அச்சொற்களிற் குறையில்லை. ஆணையிலேயே குறை இருந்தது. பாசிசம் வீழ்ந்ததும் 'லேய்' பொதுவழக்கில் தன் இடத்தை மீளப் பெற்றது. 1989இன் பின் கட்சியின் 'வி' பொதுவாழ்வினின்றும் மறைந்தது.

மீண்டுநின்ற சொற்கள் பழைய பிரபுத்துவத்தை மீட்டு வந்தனவா? இல்லை. போலந்துப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியரும் மாணவனைப் 'பான்' என்றே விளிப்பது வழக்கம். ஒருகாலத்தில் பிரபுவுக்கு மட்டும் உரியதாயிருந்த சொல் இன்று இருபாலும் செல்கிறது. எனினும் ஏற்றத்தாழ்வு முற்றாக நீங்கிவிட்டது எனக் கொள்வதற்கில்லை. பேராசிரியருக்கு 'வித்தாம்' (வரவேற்கிறேன்) என்று மடலைத் தொடங்கும் போலந்து மாணவன் மரியாதை அறியாதவனாகக் கருதப்படலாம். வரவேற்பது வீட்டுக்குரியவன் செயலன்றோ!

மரியாதையை ஆணையிட்டுப் பெறுதல் இயலாது. ஒருபக்கமாக நிலைநிறுத்தலும் அரிது. கொடுத்தும் பெற்றும் வாழும் சொல்லே நிலைக்கும் என்பது இவ்விரு மொழிகளின் வரலாறு உணர்த்தும் பாடமாகும்.